பேரை அப்புறம் சேர்த்துக்கலாம் என்று விடாதீர்கள்

போன மாதம் ஒரு ஜோடி வந்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நான்கு வருடமாகச் சேர்ந்து வாழ்கிறார்கள். பெரும்பாக்கத்தில் 60 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் பார்த்து வைத்திருந்தார்கள். "லோன் இவர் பேர்ல ஈஸியா கிடைக்கும்க்கா. பத்திரமும் இப்போதைக்கு இவர் பேர்லயே இருக்கட்டும், என் பேரை அப்புறம் சேர்த்துக்கலாம்" என்றாள் அந்தப் பெண். 2014-இல் நானும் இதையேதான் சொன்னேன். எனக்கு 9 லட்சம் போனது.

வீட்டுக் கடனுக்கான கோப்புகளைத் தயார் செய்து தருவது என் தொழில். வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதை யாரும் சொல்லித் தருவார்கள்.

பேரை அப்புறம் சேர்ப்பது

ரேஷன் கார்டு மாதிரி பத்திரத்தில் பேர் சேர்க்க முடியாது. பிழைத்திருத்தல் பத்திரம் எழுத்துப் பிழைக்கும் சர்வே எண் பிழைக்கும்தான் உதவும். புதிதாக ஒருவர் உரிமையாளராக வேண்டுமென்றால் இன்னொரு பத்திரம் பதிய வேண்டும். கணவன் மனைவியாக இருந்தால் தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் விலை வாங்காமல் எழுதித் தரும் செட்டில்மென்ட் பத்திரத்துக்குக் கட்டணச் சலுகை உண்டு. கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழும் நாம் அந்தக் 'குடும்ப' வரையறைக்குள் வரமாட்டோம். 60 லட்சம் ஃபிளாட்டில் பாதியைக் கிரயமாக வாங்கினால் முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 2.70 லட்சம். சும்மா எழுதிக் கொடுத்தாலோ, உறவினர் அல்லாதவரிடமிருந்து 50,000 ரூபாய்க்கு மேல் பெற்ற சொத்து என்று வருமான வரி வரும். கடன் முடியும்வரை மூலப்பத்திரம் வங்கியில் இருப்பதால் அவர்கள் சம்மதமும் வேண்டும்.

இத்தனைக்கும் முன்னால், பத்திரத்தில் பேர் இருக்கிறவர் மனசு வைக்க வேண்டும். என் விஷயத்தில் வைக்கவில்லை. 2018-இல் பிரிந்தபோது, நான் கொடுத்த பணமெல்லாம் வீட்டுச் செலவுக்கு என்றார். என் பாஸ்புக்கில் இருந்ததும் அவர் கணக்குக்குப் போன தொகைகள் மட்டுமே. எதற்கு என்று ஒரு வரி இல்லை. வக்கீலிடம் போனேன். "பணம் என்னுடையது, பேர் மட்டும் அவருடையது" என்று வாதாடினால் 1988-ஆம் வருட பினாமிச் சட்டம் குறுக்கே நிற்கும் என்றார். மனைவி பேரில், கணவன் பேரில், பிள்ளைகள் பேரில் வாங்கினால் அதில் விலக்கு உண்டு. சேர்ந்து வாழும் துணைக்கு இல்லை. சரி, கடனாகக் கொடுத்தேன் என்று கேட்கலாமா என்றேன். கடனுக்குக் காலவரம்பு மூன்று வருடம், அது தாண்டிவிட்டது என்றார். நகையை அடகு வைத்துப் புரட்டிய பணம் அது. இன்றும் யாராவது 'அப்புறம்' என்று சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

விகிதத்தை எழுதாமல் விடுவது

இரண்டு பேர் பேரும் இருந்து, யார் எவ்வளவு போட்டார் என்பதற்கு ஆதாரம் இல்லையென்றால் சமபங்கு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும் (சொத்து மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 45). 65:35 என்றால் அதைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். அவரவர் பங்கு அவரவர் கணக்கிலிருந்து நேராக பில்டருக்குப் போகட்டும். மொத்த விலை 50 லட்சத்தைத் தொட்டால், உங்கள் பங்கு அதற்குக் குறைவாக இருந்தாலும், 1% டிடிஎஸ், அதாவது விற்பவருக்குக் கொடுக்கும் தொகையிலிருந்து முன்கூட்டியே வரி, பிடிக்க வேண்டும். 2024 அக்டோபரிலிருந்து இதில் சந்தேகமே இல்லை. உங்கள் பங்குக்கான சலானை உங்கள் பான் எண்ணில் கட்டி எடுத்து வையுங்கள். அதுவும் ஆதாரம்.

பத்திரத்தில் பேர் இல்லாமல் கடனில் மட்டும் கையெழுத்து

போடாதீர்கள். முழுக் கடனுக்கும் நீங்கள் பொறுப்பு, வீட்டில் ஒரு செங்கல்கூட உங்களுடையது இல்லை.

உயில் எழுதாதது

இந்து வாரிசுச் சட்டத்தில் துணைக்கு இடமே இல்லை. பிள்ளை இல்லாமல் ஒருவர் இறந்துவிட்டால் அவர் பங்கு அவருடைய அப்பா அம்மா பக்கம் போகும். இரண்டு சாட்சிகளோடு எழுதி விடுங்கள்.

பிரிந்தால் என்ன என்று பேசாதது

ஃபிளாட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரிக்க முடியாது. பாகப்பிரிவினை வழக்கு போனால் நீதிமன்றம் விற்கச் சொல்லலாம், அதற்கும் வருடங்கள் ஆகும். யாருடைய பங்கை யார் வாங்கிக்கொள்வது, விலையை யார் மதிப்பிடுவது, அதுவரை மாதத் தவணை யார் கட்டுவது, இந்த மூன்றையும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். நன்றாக இருக்கும்போதே.

அந்த ஜோடி இப்போது இருவர் பேரிலும்தான் என்று முடிவு செய்திருக்கிறார்கள். கல்யாணம் ஆகாதவர்களுக்குக் கூட்டுக் கடன் தரப் பல வங்கிகள் தயங்கும். இரண்டு இடத்தில் மறுத்துவிட்டார்கள். மூன்றாவது வங்கிக்கு நாளைக்குக் கோப்பு போகிறது.