வயர்லெஸ் ஸ்டெதாஸ்கோப்பை ஐசியுவில் பயன்படுத்துவது எப்படி?

புதிதாக ஐசியுவுக்கு வரும் நர்ஸ்களிடம் இந்தக் கருவியைக் கொடுக்கும்போது நான் முதலில் சொல்வது இதைத்தான்: நெஞ்சில் வைப்பதற்கு முன் வட்டை விரலால் இரண்டு தட்டு தட்டுங்கள். அந்தச் சத்தம் உங்கள் ஹெட்போனில் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் உங்கள் ஹெட்போன் பக்கத்து பெட்டின் கருவியோடு இணைந்திருக்கலாம். பக்கத்து பெட்காரரின் நுரையீரல் அழகாகக் கேட்கும், யாருக்கும் சந்தேகமே வராது. அதனால் கருவியின் மேல் பெட் எண்ணை ஒட்டுங்கள், புளூடூத் பெயரிலும் அதே எண்ணை வையுங்கள்.

1816இல் லென்னெக் என்ற பிரெஞ்சு டாக்டர் ஒரு காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டதில் தொடங்கிய கருவி இது. கொரோனா காலத்தில் காதையும் மூடிய கவச உடைக்குள் அதை மாட்டவே வழியில்லாமல் போனது. வயர்லெஸ் கருவி அங்கேதான் கைகொடுத்தது. வட்டு உள்ளே இருக்கும் நர்ஸின் கையில், காது கண்ணாடிக்கு வெளியே நிற்கும் டாக்டருடையது. தனிமை அறை நோயாளிகளுக்கு இன்றும் இதுதான் பெரிய பயன்.

கேட்பதற்கு போன் ஸ்பீக்கர் வேண்டாம். இதய ஒலிகளின் பெரும்பகுதி 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது, அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அதைச் சரியாகக் கொடுக்க முடியாது. காதை முழுதாக மூடும் ஹெட்போன் நல்லது. வேறு ஊரில் இருக்கும் நிபுணருக்குக் கேட்க வைக்க வேண்டுமா? சாதாரண போன் அழைப்பில் போட்டுக் காட்டாதீர்கள். அழைப்பு மென்பொருள் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை இரைச்சல் என்று வடிகட்டும், அதில் நமக்கு வேண்டிய ஒலியும் போய்விடும். கருவியின் சொந்தச் செயலி வழியாகப் பகிருங்கள், அல்லது பதிவை அனுப்புங்கள்.

புளூடூத்தில் ஒலி கொஞ்சம் தாமதமாக வரும். 0.1, 0.2 நொடி என்றாலே போதும், சிக்கல்தான். இதயம் நிமிடத்துக்கு 120 தடவை துடிக்கும்போது ஒரு துடிப்புக்கே அரை நொடிதான் இருக்கிறது. கழுத்து நாடியில் விரல் வைத்து முதல் ஒலி எது, இரண்டாவது எது என்று பிரிக்கப் போனால் தப்பாகத்தான் முடியும். மர்மர், அதாவது இதயத் துடிப்புகளுக்கு இடையே வரும் இரைச்சல், எந்தக் கட்டத்தில் வருகிறது என்று பார்க்க சாதாரண ஸ்டெதாஸ்கோப்பை எடுங்கள். சில கருவிகள் ஈசிஜியையும் சேர்த்தே பதிவு செய்யும், அதுவும் சரி.

அடுத்தது வால்யூம். என்னைக் கேட்டால் அதிகம் ஏமாற்றுவது இதுதான். மூச்சுக்குழாய்க்குள் இறக்கும் இன்டியூபேஷன் ட்யூப் ஆழமாகப் போனால் பெரும்பாலும் வலது பக்கக் கிளைக்குள் இறங்கும், இடது பக்கம் காற்று குறையும். இடது பக்கம் சரியாகக் கேட்கவில்லையே என்று வால்யூமைக் கூட்டிவிட்டால், தெரிந்திருக்க வேண்டிய வித்தியாசம் அங்கேயே காணாமல் போகும். ஆகவே வலது மேல், இடது மேல், வலது அக்குள், இடது அக்குள் என்று ஒரே வால்யூமில், ஒரே ஃபில்டரில் மாற்றி மாற்றிக் கேளுங்கள். நுரையீரலுக்கு டயாஃப்ரம் மோடு (உயர்ந்த ஒலிகளுக்கு), இதயத்துக்கு பெல் மோடு (தாழ்ந்த ஒலிகளுக்கு). மல்லாந்து படுத்தே இருக்கும் நோயாளிக்குத் திரவம் முதுகுப் பக்கம்தான் சேரும், முன்பக்கம் மட்டும் கேட்டுவிட்டு நகராதீர்கள். இந்த வட்டு தட்டையாக, குழாய் இல்லாமல் இருப்பதால் நோயாளியை லேசாகச் சாய்த்தாலே முதுகுக்கடியில் நுழைக்கலாம். இதற்காகவே எனக்கு இந்தக் கருவி பிடிக்கும்.

வென்டிலேட்டர் குழாயில் தேங்கிய தண்ணீர் குமிழியிடும் சத்தம் கிரெப்ஸ் எனப்படும் நுரையீரலின் நொறுநொறு ஒலி போலவே கேட்கும். முதலில் அந்தத் தண்ணீரை நோயாளிப் பக்கம் போகாமல் வடித்துவிடுங்கள். சளி கரகரத்தால் சக்ஷன் செய்து (உறிஞ்சி எடுத்து)விட்டு மறுபடி கேளுங்கள். கருவியின் இரைச்சல் நீக்கி அறைச் சத்தத்தைக் குறைக்கும், ஆனால் துணி உரசுவதையும் நெஞ்சு முடி உரசுவதையும் கருவி பெரிதாக்கித்தான் காட்டும். சத்தம் வேண்டாம் என்று மானிட்டர் அலாரத்தை மட்டும் அணைத்து வைக்காதீர்கள்.

எவ்வளவு துல்லியமாகக் கேட்டாலும் சிலவற்றை இதை நம்பி முடிவு செய்யக் கூடாது. ட்யூப் மூச்சுக்குழாயில்தான் இருக்கிறதா என்பதை உறுதி செய்வது கேப்னோகிராபி, அதாவது வெளிமூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடை அளப்பது. மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் ட்யூபில் காற்றை அடித்து வயிற்றில் கேட்கும் பழைய வழக்கத்துக்குப் புதுக் கருவி எந்த மரியாதையும் சேர்க்காது, ட்யூபில் வரும் நீரின் பிஹெச் (அமிலத்தன்மை) சோதனையோ எக்ஸ்-ரேயோதான் வேண்டும். திடீரென்று ரத்த அழுத்தம் விழுந்து, வென்டிலேட்டரில் அழுத்தம் ஏறி, ஒரு பக்கம் மூச்சொலியே இல்லை என்றால் ரெக்கார்டிங்குக்கு நேரமில்லை. நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்து அழுத்தும் டென்ஷன் நியூமோதோராக்ஸாக இருக்கலாம், உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். செயலி "நார்மல்" என்று காட்டுவதை நான் கேஸ் ஷீட்டில் எழுத விடுவதில்லை. நீங்கள் கேட்டதை எழுதுங்கள்.

பதிவு செய்தால் ஒவ்வொரு இடத்திலும் நாலைந்து மூச்சாவது வரட்டும். எந்த இடம், எத்தனை மணி, அப்போது பீப் (PEEP, மூச்சு விட்ட பின்னும் வென்டிலேட்டர் விட்டுவைக்கும் அழுத்தம்) எவ்வளவு என்று சேர்த்துக் குறித்தால்தான் நாளைய பதிவோடு ஒப்பிட முடியும். சொந்த போனில் பதியவே கூடாது, வாட்ஸ்அப் குழுவில் போடுவது அதைவிட மோசம்.

ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் 70 சதவீத ஆல்கஹால் துடைப்பானால் வட்டையும் விளிம்பையும் துடையுங்கள், சார்ஜ் துளைக்குள் ஈரம் போக வேண்டாம், முக்கி எடுக்கவே கூடாது. ஹெட்போனையும் மறக்காதீர்கள், அது பல காதுகளுக்குப் போகிறது. சி. டிஃபிசில் வயிற்றுப்போக்கு இருக்கும் நோயாளிக்குத் தனிக் கருவி வையுங்கள், அந்தக் கிருமியின் ஸ்போர்கள் ஆல்கஹாலுக்குச் சாகாது. சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்பதை ஷிஃப்ட் மாறும்போது ஒப்படைக்கும் விவரங்களில் சேர்த்துவிடுங்கள். அப்புறம், பெட் பக்கத்து ஆணியில் தொங்கும் பழைய ஸ்டெதாஸ்கோப்பை யாரும் எடுத்துக்கொண்டு போக விடாதீர்கள்.