சூடானதும் நின்றுபோகும் பழைய கார்: பழுது தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் சாவியைத் திருப்பியதும் முதல் முயற்சியிலேயே கிளம்புகிற வண்டி, வெப்பமானியின் முள் நடுக்கோட்டுக்கு வந்து சிறிது நேரம் ஆனதும் நெரிசலுக்கு நடுவே நின்றுவிடுகிறது; எத்தனை முறை செல்ஃப் அடித்தாலும் எழுவதில்லை; பானெட்டைத் திறந்துவைத்து அரை மணி நேரம் காத்திருந்தால், ஒன்றுமே நடவாததுபோல் மீண்டும் ஓடத் தொடங்குகிறது. பிரீமியர் பத்மினி, அம்பாசிடர், கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) கொண்ட மாருதி 800 போன்ற வண்டிகளை இன்றும் பராமரித்துவருபவர்களுக்கு இது பழகிய தொல்லைதான். பெரும்பாலும் பழுது சிறியதாகவே இருக்கும். அதைத் தேடுகிற வழியில் செய்யப்படும் தவறுகள்தாம் செலவை ஏற்றிவிடுகின்றன.

ஆறிய வண்டியைச் சோதிப்பது

தவறுகளில் தலையாயது இதுவே. இந்தப் பழுது, இன்ஜின் சூடாக இருந்து, நின்றுபோய், மீண்டும் கிளம்ப மறுக்கிற அந்தச் சில நிமிடங்களில் மட்டுமே வெளிப்படுகிறது. வண்டியைக் கட்டியிழுத்துப் பட்டறையில் விட்டு, மறுநாள் காலையில் மெக்கானிக் பார்க்கும்போது பிளக்கில் நெருப்புப் பொறி வரும், பெட்ரோலும் வரும், ஐடிலிங்கும் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் ஓட்டம்) சீராக இருக்கும். கண்ணெதிரே பழுது இல்லாதபோது அவர் தம் அனுபவத்தை வைத்து ஊகிக்கத்தான் முடியும். அந்த ஊகம் பெரும்பாலும் கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வதில் போய் முடியும்.

எனவே சோதனைக்குரிய இடம் வண்டி நின்ற சாலையோரம்தான். ஒரு பழைய பிளக், பிளக் ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர், கைத்துணி, தண்ணீர்ப் புட்டி ஆகியவற்றை வண்டியில் வைத்திருந்து, நின்ற இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் இரண்டே கேள்விகளுக்கு விடை காண வேண்டும்: பொறி வருகிறதா, பெட்ரோல் வருகிறதா? பிளக் வயரைக் கழற்றி, கையிலுள்ள பழைய பிளக்கில் மாட்டி, அதன் உலோக உடல் இன்ஜினைத் தொடுமாறு கார்பரேட்டரிலிருந்து தள்ளி வைத்து, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொன்னால், பொறி நீலமாக ‘டப்’பென்று தெறிக்கிறதா, ஆரஞ்சு நிறத்தில் மெலிந்து வருகிறதா, வரவே இல்லையா என்பது தெரிந்துவிடும். (வயரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்ப்பதும், எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டியில் வயரின் நுனியை எதிலும் படாமல் தொங்கவிடுவதும் ஆபத்து, முன்னது உங்களுக்கு, பின்னது பொறியைக் கட்டுப்படுத்தும் மின்னணு மாட்யூலுக்கு.) அடுத்து, ஏர் ஃபில்டரைத் திறந்து, கார்பரேட்டரின் வாய்க்குள் பார்த்தபடி ஆக்சிலரேட்டரைக் கையால் ஒருமுறை இழுத்தால், உள்ளே பெட்ரோல் பீய்ச்சியடிக்க வேண்டும். அடித்தால் கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கிநிற்கும் மிதவை அறையில் பெட்ரோல் இருக்கிறது. அடிக்காவிட்டால் பெரும்பாலும் அது வற்றிவிட்டது. முகத்தைக் கார்பரேட்டருக்கு மேலே நீட்டாமலும், பக்கத்தில் யாரும் புகைபிடிக்காமலும் பார்த்துக்கொள்வது அவசியம்.

இந்த இரண்டு விடைகள் கைக்கு வந்த பிறகு, தேட வேண்டிய பரப்பு பாதியாகக் குறைந்துவிடுகிறது. வண்டி எப்படி நின்றது என்பதும் ஒரு சாட்சி: சாவியை அணைத்ததுபோல் சட்டென்று அடங்கினால் மின்சாரப் பக்கத்தையும், இழுவை குறைந்து, திக்கித் திணறி, குலுங்கி நின்றால் எரிபொருள் பக்கத்தையும் முதலில் பார்ப்பது நியாயம். ஆனால் இந்தச் சாட்சியை மட்டுமே நம்பித் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

வெப்பத்தையும் நேரத்தையும் குழப்பிக்கொள்வது

இன்ஜின் சூடாவதற்கு இருபது நிமிடம் ஆகிறது. இருபது நிமிடத்தில் வேறு சிலவும் நடக்கின்றன. பெட்ரோல் டாங்க் மூடியில் காற்று உள்ளே நுழைவதற்கென உள்ள நுண்துளை தூசியால் அடைபட்டிருந்தால், பெட்ரோல் குறையக் குறைய டாங்கினுள் வெற்றிடம் உருவாகி, ஒரு கட்டத்தில் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. வண்டி நின்ற பிறகு மெல்ல மெல்லக் காற்று கசிந்து உள்ளே சென்றதும் வண்டி கிளம்பும். பார்ப்பவருக்கு இது அச்சு அசலாகச் சூட்டினால் வந்த பழுதுபோலவே தோன்றும். என்னிடமிருந்த பழைய கார் ஒன்றுக்கு இரண்டு பட்டறைகளில் காயிலும் (பிளக்கின் பொறிக்கு உயரழுத்த மின்சாரம் தரும் பாகம்) பெட்ரோல் பம்பும் மாற்றப்பட்ட பிறகு, சாலையோரத்தில் டாங்க் மூடியைத் திறந்தபோது ‘உஸ்’ஸென்று காற்று உள்ளே இழுக்கப்பட்ட ஓசைதான் விடையைச் சொன்னது. மூடியை இரண்டு திருகு தளர்த்திவிட்டு ஓட்டிப் பார்ப்பதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. ஆகவே அதை முதலில் செய்வதே முறை.

டாங்கின் அடியில் உள்ள துருவும் இதே வேடத்தைப் போடக்கூடியது. ஓடும்போது துருத்துகள்கள் உறிஞ்சுகுழாயின் வலையில் போய் அப்பிக்கொள்கின்றன; வண்டி நின்றதும் இழுப்பு அடங்கி, அவை கீழே படிந்துவிடுகின்றன. ஆறியதால் சரியானதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். டாங்குக்கும் பம்புக்கும் இடையே வெடித்துப்போன ரப்பர் குழாய் இன்னொன்று: அங்கே பம்ப் இழுத்துக்கொண்டிருப்பதால், வெடிப்பின் வழியாகப் பெட்ரோல் ஒரு சொட்டும் வெளியே கசியாமலே காற்று மட்டும் உள்ளே புகுந்துகொண்டிருக்கும்.

காயிலை மல்ட்டிமீட்டரை வைத்து மட்டும் தீர்மானிப்பது

பொறி வரவில்லையென்றால் சந்தேகம் இக்னிஷன் காயிலின் மீது விழுவது இயல்பு. இதில் இரண்டு திசைகளிலும் தவறு நடக்கிறது. செம்புக் கம்பியின் மின்தடை, சூடு ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடும். 20 டிகிரியில் 3 ஓம் காட்டும் பிரைமரிச் சுற்று (காயிலில் பேட்டரியின் மின்சாரம் பாயும் கம்பிச்சுருள்), 100 டிகிரியில் ஏறக்குறைய 3.9 ஓம் காட்டுவது அதன் இயற்கை. அதைப் பார்த்துக் காயில் கெட்டுவிட்டதாக எறிவது வீண். மறுபுறம், மீட்டர் சரியான எண்ணைக் காட்டியதாலேயே காயில் நல்லதென்று விட்டுவிடவும் கூடாது. மீட்டர் சோதிப்பது சில வோல்ட்டுகளில். காயில் வேலை செய்வதோ பல்லாயிரம் வோல்ட்டுகளில். சூட்டில் இளகிய உள் மின்காப்பு அந்த உயரழுத்தத்தில்தான் விட்டுக்கொடுக்கும். அதை மீட்டரால் காண முடியாது.

நம்பத்தக்க சோதனை, பொறி இல்லாத நிலையில் காயிலின் உலோக உடலின்மேல் மட்டும் ஈரத்துணியைச் சுற்றி, டெர்மினல்களில் தண்ணீர் படாமல் ஐந்து நிமிடம் குளிரவிட்டு, மற்ற பாகங்கள் சூடாகவே இருக்கும்போது மீண்டும் பொறியைப் பார்ப்பது. இங்கே பானெட்டை அகலத் திறந்துவைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவதுதான் நாம் வழக்கமாகச் செய்யும் பிழை: எல்லாப் பாகங்களும் ஒன்றாக ஆறிவிட்டால், எது ஆறியதால் வண்டி எழுந்தது என்பதற்கு விடையே இல்லை. அவசரத்தில் கொதிக்கும் இன்ஜின் மீது தண்ணீரைக் கொட்டுவது அதைவிடக் கேடு. சூடான வார்ப்பு விரிசல் விட்டுவிடலாம்.

புதுக் காயில் போட்டும் சில வாரங்களில் அதே பழுது திரும்புமானால், தவறான வகையைப் போட்டிருக்கக்கூடும். பாலஸ்ட் ரெசிஸ்டருடன் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தனி மின்தடை) சேர்த்துப் பயன்படுத்த வேண்டிய, ஏறத்தாழ 1.5 ஓம் காயிலை அந்த ரெசிஸ்டர் இல்லாத வண்டியில் மாட்டினால், அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்து காயிலும் சுடும், காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட்டும் கருகும். பாயிண்ட் கருகியிருந்தால், அதில் பொறி பறக்காமல் தடுக்கும் கண்டென்சரையும் சந்தேகிக்க வேண்டும். அதுவும் சூட்டில் கெட்டு, ஆறினால் பிழைத்துக்கொள்ளும் பாகம்தான். மலிவானது என்பதால் எல்லோரும் மாற்றிவிடுகிறார்கள், ஆனால் சந்தையில் தரக்குறைவான கண்டென்சர்கள் நிறைய உலவுவதால், புதியது என்ற ஒரே காரணத்துக்காக அதைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கக் கூடாது.

எல்லாவற்றையும் ‘ஏர் லாக்’ என்று சொல்லிவிடுவது

பட்டறைகளில் ஏர் லாக் என்ற ஒரே பெயரில் இரண்டு எதிரெதிரான நிலைமைகள் வழங்கிவருகின்றன. ஒன்று, பம்பிலோ குழாயிலோ பெட்ரோல் கொதித்து ஆவியாகி, ஆவியைத் தள்ள முடியாமல் பம்ப் தவிப்பது. அப்போது கார்பரேட்டர் வற்றிக்கிடக்கும். மற்றொன்று, மிதவை அறையிலிருக்கும் பெட்ரோலே சூட்டில் பொங்கி இன்ஜினுக்குள் வழிந்து, பிளக்குகளை நனைத்துவிடுவது. பெட்ரோல் ஒரே வெப்பநிலையில் கொதிக்கும் திரவமன்று. அதன் இலேசான கூறுகள் 35 டிகிரி வாக்கிலேயே ஆவியாகத் தொடங்கிவிடுகின்றன. முதல் நிலையில் பம்பின்மேல் ஈரத்துணி போட்டால் பலன் தெரியும். இரண்டாவதில் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி செல்ஃப் அடித்து, உள்ளே தேங்கியதை வெளியேற்ற வேண்டும். எது என்று பாராமல் ஆக்சிலரேட்டரை மீண்டும் மீண்டும் மிதிப்பது, இரண்டாம் நிலையை மேலும் மோசமாக்கும். ஈரத்துணி ஒரு சோதனையே அன்றிச் சிகிச்சையன்று. பம்புக்கும் இன்ஜினுக்கும் இடையிலுள்ள தடித்த வெப்பத்தடுப்புத் துண்டு கழன்றுபோயிருக்கிறதா, பெட்ரோல் குழாய் சைலன்சர் மேனிஃபோல்டை உரசிச் செல்கிறதா என்று பார்ப்பதே அடுத்த படி.

இப்போது எந்தப் பழுதுக்கும் பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனாலைக் குற்றம் சாட்டும் வழக்கம் வந்திருக்கிறது. நாட்டில் 10 சதவீதக் கலப்பு 2022-இல் எட்டப்பட்டது. 20 சதவீதக் கலப்பு 2023 முதல் விற்பனைக்கு வந்து பரவியது. பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களும் பம்பின் டயஃப்ரமும் (உள்ளிருக்கும் சவ்வு) இதை எண்ணிச் செய்யப்பட்டவையல்ல என்பதால் அவற்றை மாற்றுவது நல்லதே. ஆயினும், பொறியே வராத வண்டிக்குப் பெட்ரோலைக் குறை சொல்லிப் பயனில்லை.

டாப்பெட்டை மறந்துவிடுவது

பொறியும் பெட்ரோலும் சரியாக இருந்து, வேகத்தில் நன்றாக ஓடி, ஐடிலிங்கில் மட்டும் சூடான பிறகு வண்டி அடங்குமானால், டாப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் இடையே விடப்படும் சிறு வெளி) குறைந்துபோயிருக்கலாம். சூட்டில் வால்வு நீண்டு, முழுவதும் மூடாமல் நின்று, அழுத்தம் கசிந்துவிடும். வாயுவில் ஓட்டுவதற்கான கேஸ் கிட் பொருத்தி நெடுநாள் ஓடிய வண்டிகளில், வால்வு இருக்கை தேய்வதால் இதை நிச்சயம் பார்க்க வேண்டும்.

எம்பிஎஃப்ஐ வண்டிகளில்

எம்பிஎஃப்ஐ எனப்படும், கணினி கட்டுப்படுத்தும் ஃபியூயல் இன்ஜெக்ஷன் கொண்ட பழைய கார்களில் சூட்டினால் திடீரென நிற்பதற்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது, இன்ஜினின் சுழற்சியைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் பொசிஷன் சென்சார். செல்ஃப் அடிக்கும்போது அந்தக் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் ஆர்பிஎம் (நிமிடத்துக்கான சுழற்சி) பூஜ்யத்திலேயே நின்றால் அதுவே வலுவான தடயம். செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை என்பதை வைத்துச் சென்சார்களெல்லாம் நலம் என்று முடிவுகட்டுவதும், பேட்டரியைக் கழற்றி மாட்டிப் பதிவான பழுதுக் குறியீடுகளை அழித்துவிட்டுப் பிறகு ஸ்கேனரைத் தேடுவதும் இந்த வண்டிகளுக்கே உரிய தவறுகள்.

பழுதை மறைப்பது

நின்றுபோகாமலிருக்க ஐடிலிங்கை ஏற்றிவைப்பதும், சூட்டைக் குறைப்பதாக நினைத்து, குளிர்நீரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் அடிக்கடி நடக்கின்றன. முன்னது தடயத்தை அழிக்கிறது; பின்னது, எம்பிஎஃப்ஐ வண்டியில், இன்ஜின் இன்னும் குளிர்ந்திருப்பதாகக் கணினியை எண்ணவைத்துப் பெட்ரோலை வீணாக்குகிறது. வெப்பமானியின் முள் உண்மையிலேயே சிவப்பைத் தொட்டால் அது வேறு பழுது. அந்நேரம் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது.

ஒரே நாளில் காயில், கண்டென்சர், பம்ப், பிளக் அனைத்தையும் மாற்றிவிட்டால், வண்டி ஓடினாலும் எது காரணமென்று தெரியாது. ஓடாவிட்டால், புதிய பாகங்களில் ஒன்றே புதிய பழுதாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றாக மாற்றி, கழற்றிய பழையதைப் பையில் போட்டு டிக்கியில் வைத்துக்கொண்டு, வண்டி முன்பு எந்தச் சாலையில், எந்த வெயிலில், எந்த நெரிசலில் நின்றதோ அங்கேயே, டாங்கில் அதே அளவு பெட்ரோலுடன், ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். பட்டறை வாசலிலிருந்து தெருமுனை வரை போய்வருவதை ஓட்டிப் பார்த்ததாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது.