சொத்து வரி கட்டப் போகிறீர்களா? பழைய ரசீதைக் கையில் எடுங்கள்

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா இரண்டு ரசீதுகளைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். "ஏனுங் தம்பி, இதுல எந்த நம்பரப் போட்டுக் கட்டோணும்?" ஒன்று அவருடைய மாமனார் காலத்து வடவள்ளிப் பேரூராட்சி ரசீது. மடிப்பில் கிழிந்து, மை மங்கியிருந்தது. இன்னொன்று கோவை மாநகராட்சி கொடுத்தது. வீடு ஒன்றுதான், எண் மட்டும் இரண்டு. இதுவரை அவர் வீட்டுக்காரர்தான் எல்லாம் பார்த்துக்கொண்டார். அவர் இப்போது இல்லை. அக்காவுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில், உங்கள் வீடு எந்த உள்ளாட்சியில் இருக்கிறது என்று உறுதி செய்யுங்கள். 2011-ல் வடவள்ளி, வீரகேரளம், துடியலூர், சரவணம்பட்டி, காளப்பட்டி போன்ற பேரூராட்சிகளும் கவுண்டம்பாளையம், குனியமுத்தூர், குறிச்சி நகராட்சிகளும் கோவை மாநகராட்சியோடு சேர்ந்தன. அக்காவிடம் இரண்டு எண் இருந்ததற்குக் காரணம் அதுதான். இப்போது செல்லுவது மாநகராட்சி கொடுத்த வரிவிதிப்பு எண். வீடு கிராம ஊராட்சியில் இருந்தால் வரி ஊராட்சிக்குப் போகும். அதை 'வீட்டு வரி' என்றுதான் சொல்லுவோம். அதற்கு இணையதளமும் வேறு.

சென்னையைத் தவிர மற்ற மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எதுவானாலும் 'டிஎன் அர்பன் இ-பே' தளத்தில் கட்டலாம். சொத்து வரியைத் தேர்ந்தெடுத்து, வரிவிதிப்பு எண்ணைப் போட்டால் உரிமையாளர் பெயர், முகவரி, எந்த அரையாண்டுக்கு எவ்வளவு பாக்கி என்று வரும். எண் தெரியாவிட்டால் பழைய ரசீதோடு வரி வசூல் மையத்துக்குப் போய்க் கேளுங்கள், எடுத்துக் கொடுப்பார்கள்.

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். உடனே பணம் கட்டும் பொத்தானை அழுத்திவிடாதீர்கள். எனக்கு ஒருமுறை 46 என்று முடியும் எண் 64 ஆகிவிட்டது. திரையில் வந்த பெயரைப் பார்க்காமல் கட்டிவிட்டேன். பணம் யாரோ ஒருவர் வீட்டுக் கணக்கில் ஏறிவிட்டது. அதைச் சரிசெய்ய இரண்டு மாதம் மனுவும் கையுமாக நடந்தேன். அதனால் பெயரையும் கதவு எண்ணையும் வாய்விட்டு ஒருமுறை படித்துவிடுங்கள்.

அடுத்து, பரப்பளவையும் வகையையும் பாருங்கள். கட்டடத்தின் சதுர அடி, அது இருக்கும் தெருவின் மண்டலம், குடியிருப்பா வணிகமா என்ற பயன்பாடு, கட்டடத்தின் வயது இவற்றை வைத்துத்தான் வரி போடுகிறார்கள். பரப்பளவு எவ்வளவு முக்கியம் என்பது 2022-ல் வரியை உயர்த்தியபோது நன்றாகத் தெரிந்தது. சென்னைக்கு வெளியே உள்ள மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று ஏற்றினார்கள். 1,180 சதுர அடி வீட்டை 1,220 என்று தவறாகப் பதிந்திருந்தால் படியே மாறிவிடும். வகையும் அப்படித்தான். முன்னறையில் மளிகைக் கடை வைத்து, பத்து வருடம் முன்பே மூடியிருப்பீர்கள். ஆனால் ஏட்டில் இன்னும் வணிகம் என்றே இருக்கலாம். தவறு இருந்தால் ஆணையர் பெயருக்கு மனு எழுதி, வரைபட நகலை இணைத்துக் கொடுங்கள். உங்கள் பிரதியில் முத்திரை வாங்காமல் வராதீர்கள்.

சரி, எப்போது கட்டுவது? வருடத்தில் இரண்டு தவணை: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. அரையாண்டின் முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30 அல்லது அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். அக்கா வீட்டு வரியை 1,800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 90 ரூபாய் மிச்சம். ஒரு வேளைக்குக் காய்கறி வாங்கிவிடலாம். கெடு தாண்டினால் மாதம் 1 சதவீதம் தனிவட்டி சேரும். அதே 1,800-க்கு மாதம் 18 ரூபாய். இந்தப் பணத்தில் ஊர் நூலகத்துக்கும் பங்கு உண்டு. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. வடவள்ளியோ பொள்ளாச்சியோ, நம் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கும் மேசை நாற்காலிக்கு நாமும் கொடுக்கிறோம் என்பது எனக்கு மனதுக்கு நிறைவான விஷயம்.

யுபிஐ, கார்டு, நெட் பேங்கிங் எதில் வேண்டுமானாலும் கட்டலாம். குடிநீர்க் கட்டணத்துக்கு இணைப்பு எண் வேறு, அதைத் தனியாகக் கட்ட வேண்டும். நடுவில் நெட் போய், கணக்கில் பணம் மட்டும் குறைந்திருந்தால் பதறி மறுபடி கட்ட வேண்டாம். மறுநாள் அதே எண்ணைப் போட்டுப் பாக்கி குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். கட்டி முடித்ததும் ரசீதை இறக்கி, போனில் ஒன்றும் காகிதத்தில் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். மின் இணைப்பு பெயர் மாற்ற, வங்கிக் கடன் கேட்க, வீட்டை விற்க எல்லாவற்றுக்கும் இதைக் கேட்பார்கள். ஆனால் வரி ரசீது உங்கள் பெயரில் இருப்பதாலேயே வீடு உங்களுடையது ஆகிவிடாது. அதற்குப் பத்திரம் வேண்டும்.

அக்காவுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வரி இன்னும் மாமனார் பெயரிலேயே வருகிறது. அடுத்த வாரம் மாமனார், வீட்டுக்காரர் இருவரின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பத்திர நகல், இப்போது கட்டிய ரசீது இவற்றோடு பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுக்கப் போகிறோம். பாக்கி இல்லாமல் கட்டியிருந்தால்தான் அந்த மனுவை வாங்குவார்கள் என்பதால் வரியை முதலில் முடித்தோம்.