பெரியவர்களுக்கான பொம்மை நாடகம்: பார்க்கப் போகுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் இருந்து லண்டனுக்கோ ரொறொன்ரோவுக்கோ உறவுகளிடம் போனால், அங்குள்ள பிள்ளைகள் ஒரு நாளாவது நாடகம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போவார்கள். சுவரொட்டியில் பெரிய கண் வைத்த பொம்மைகளைக் கண்டதும், "சின்னவனையும் கூட்டிக்கொண்டு போவம்" என்று சொல்லத் தோன்றும். 'அவென்யூ கியூ' என்ற இசை நாடகத்தைப் பொறுத்தவரை பெரிய தவறே இதுதான்.

2003இல் நியூயோர்க்கில் தொடங்கி, அடுத்த ஆண்டே சிறந்த இசை நாடகத்துக்கான ரோனி விருதைப் பெற்றது இது. பொம்மைகளின் தோற்றம் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற சிறுவர் நிகழ்ச்சியை நினைவூட்டும். ஆனால் கெட்ட வார்த்தை வரும், ஆபாசப் படங்களைப் பற்றி ஒரு முழுப் பாட்டு வரும், பொம்மைகள் கட்டிலில் கூடும் காட்சியும் வரும். ரிக்கற் எடுக்கும்போதே வயது அறிவுறுத்தலைப் பாருங்கள். அம்மம்மாவையும் கூட்டிப் போவதென்றால் முதலே சொல்லிவிடுங்கள். அவரே முடிவு செய்யட்டும்.

அதற்காக ஊத்தைப் பகிடி என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். ஆங்கில இலக்கியத்தில் பட்டம் முடித்து, வேலையில்லாமல், மலிவான வாடகை வீடு தேடி வருகிறவன்தான் கதாநாயகன். 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணக் கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலில் இருந்த போராட்டத்தைக் கண்டவர்களுக்கு அவன் அந்நியன் இல்லை. எல்லோருக்குள்ளும் கொஞ்சம் இனவாதம் இருக்கிறது என்று சொல்லும் பாட்டு ஒன்றும் உண்டு. கலியாணப் பேச்சில் சாதி விசாரித்துப் பழகிய எங்களுக்கும் அது உறைக்கும். மனிதர் ஒருவர் மேடையில் நின்று முகத்துக்கு நேரே சொன்னால் சண்டைக்குப் போவோம். பொம்மை சொல்லும்போது முதலில் சிரிப்பு வருகிறது, பிறகுதான் சுடுகிறது. இந்த நாடகத்தின் பலம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சிலர் பொம்மையை ஆட்டும் நூலைத் தேடுவார்கள். நூலும் இல்லை, மறைப்புத் திரையும் இல்லை. ஆட்டுகிறவர் பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்று பாடுவார். சில பொம்மைகளுக்கு இருவர் வேண்டும். ஒரே நடிகர் இரண்டு பாத்திரங்களுக்குக் குரல் கொடுப்பதும் உண்டு. கூத்தில் அண்ணாவியாரும் மத்தளமும் பிற்பாட்டும் களரியிலேயே நிற்க, நாங்கள் அருச்சுனனைத்தானே பார்க்கிறோம்? அதேபோல் கண்ணைப் பொம்மையில் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் ஆள் மறைந்துவிடுவார்.

சினிமாப் பாட்டு மாதிரி, பாட்டு வரும்போது எழுந்து போகாதீர்கள். இங்கே கதையே பாட்டில்தான் நகரும். ஆங்கிலமும் வேகமாக ஓடும். ஆகவே கதைச் சுருக்கத்தை வாசித்து, பாட்டுகளை ஒருமுறை கேட்டுவிட்டுப் போவது நல்லது.

நேரமும் முக்கியம். எங்கள் ஊரில் மங்கல விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை எல்லாம் முடிய வந்தாலும் நாடகத்தைப் பிடிக்கலாம். அங்கே சொன்ன நேரத்துக்குத் தொடங்கிவிடும். பிந்தி வருகிறவர்களைப் பொருத்தமான இடைவெளி வரும்வரை வெளியே நிறுத்தி வைப்பார்கள். போனில் படம் பிடிக்கவும் விடமாட்டார்கள்.

இன்னொன்று, இரண்டாம் பாதியில் ஒரு பள்ளிக்கூடம் கட்டக் காசு சேர்க்கும் பாட்டு வரும். அப்போது நடிகர்கள் தொப்பியை நீட்டிக்கொண்டு சபைக்குள் இறங்கி வருவதுண்டு. கலவரப்பட வேண்டாம், சட்டைப்பையில் கொஞ்சம் சில்லறை வைத்திருங்கள்.