எலியைத் தொடுவதற்கு முன் கோழித்தொடை

எலியில் சிறுநீரக மாற்று செய்து மைக்ரோசர்ஜரி (நுண்ணோக்கியின் கீழ் செய்யும் அறுவை சிகிச்சை) கற்க வேண்டுமா? சரி, ஆனால் முதல் நாளே உயிருள்ள எலியைத் தொடாதீர்கள், அது அந்த உயிருக்குச் செய்யும் அநியாயம். கறிக்கடையில் கோழித்தொடை வாங்கி, உள்ளே ஓடும் தமனியைப் பிரித்தெடுத்து வெட்டி, நுண்ணோக்கியின் கீழ் 10-0 நைலான் நூலால் (தலைமுடியைவிட மெல்லியது) இரு முனைகளையும் சேர்த்துத் தைத்துப் பழகுங்கள். முன்கையும் மணிக்கட்டும் மேசையில் நன்றாகப் படிந்திருக்கட்டும், நடுக்கம் பெருமளவு அதிலேயே அடங்கும்.

முதல் இரண்டு தையலை தமனியின் வட்ட வாயில் 120 பாகை இடைவெளியில் போடுங்கள். பின்சுவர் தானாக விலகித் தொங்கும், ஊசி அதையும் சேர்த்துக் குத்தும் ஆபத்து குறையும். உட்சுவரை இடுக்கியால் பிடிக்கவே கூடாது, காயம்பட்ட இடத்தில்தான் ரத்தம் உறையும்.

அப்புறம்தான் எலி, அதுவும் நெறிமுறைக் குழு அனுமதியோடு, முழு மயக்கத்தில். தொடைத் தமனி சுமார் 1 மி.மீ. விட்டம், 8 தையல் போதும். தைக்கும்போது ரத்தத்தை நிறுத்தப் போட்ட கிளாம்பை எடுத்ததும், தைத்த இடத்தைத் தாண்டி இரண்டு இடுக்கிகளால் தமனியை மெல்லப் பிடித்து, தையலுக்குத் தள்ளி இருக்கும் இடுக்கியால் ரத்தத்தை வழித்துத் தள்ளிவிட்டு, தையலுக்குப் பக்கத்து இடுக்கியை மட்டும் விடுங்கள். வெறுங்குழாய் சட்டென்று சிவந்து நிரம்பினால் ரத்தம் ஓடுகிறது.

இது தவறாமல் கைகூடிய பிறகே சிறுநீரகத்துக்குப் போங்கள். அங்கே சிரைதான் பாடாய்ப் படுத்தும், சுவர் நனைந்த காகிதம்போல ஒட்டிக்கொள்ளும், உப்புநீர் சொட்டிச் சொட்டி விரித்துக்கொண்டே தையுங்கள்.