போர்ஷே டைக்கான் வாங்கும் முன்: எண்ணைப் பார்த்து நிபந்தனையைப் படிக்காத தவறுகள்

போர்ஷேயின் மின்காரான டைக்கானின் டர்போ எஸ் வகை 2019 செப்டம்பரில் அறிமுகமானபோது எல்லோர் வாயிலும் இருந்த எண் 2.8. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட அதற்கு ஆகும் வினாடிகள் அவ்வளவுதான். எண் உண்மையானது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. காரின் வழக்கமான திறன் 625 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து முழு விசையோடு பாயச் செய்யும் லாஞ்ச் கன்ட்ரோலை இயக்கிப் புறப்படும் சில நொடிகளுக்கு மட்டுமே அது 761 ஆக உயர்கிறது. இந்த வகைக் கார்களின் விவரச் சீட்டில் உள்ள எல்லா எண்களும் ஏறக்குறைய இப்படிப்பட்டவைதான். 2021 நவம்பரில் டைக்கான் இந்தியாவுக்கு வந்தது; இப்போது பழைய கார் சந்தையிலும் கிடைக்கிறது. அதே அடித்தளத்தில் உருவான ஆடி இ-ட்ரான் ஜிடி வாங்க நினைப்பவர்களுக்கும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் தவறு காரைப் பதிவு செய்துவிட்டு, பிறகு சார்ஜரைப் பற்றி யோசிப்பது. இதைத்தான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு என்பேன். பழைய, அதாவது 2024-இல் புதிய வடிவம் வருவதற்கு முந்தைய, டைக்கானின் பெரிய பேட்டரியில் பயன்படுத்தக்கூடிய அளவு 83.7 கிலோவாட் மணி. நம் மின் கட்டண ரசீதின் மொழியில் சொன்னால் 83.7 யூனிட். வீட்டில் உள்ள சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் மணிக்கு 3 யூனிட் ஏறுவதே அதிகம். காலியான பேட்டரி நிறைய ஒரு முழு நாளுக்கு மேல் ஆகும். காரில் உள்ள 11 கிலோவாட் (மணிக்கு 11 யூனிட்) சார்ஜிங் வசதியை முழுமையாகப் பயன்படுத்தினால் அதே வேலை ஓர் இரவில் முடிந்துவிடும். அதற்கு மும்முனை இணைப்பு வேண்டும், அனுமதிக்கப்பட்ட மின்பளு போதுமானதாக இருக்க வேண்டும், எர்த்திங் ஒழுங்காக இருக்க வேண்டும். எர்த்திங் சரியில்லாத வீடுகளில் நல்ல சார்ஜர்கள் வேலை செய்ய மறுத்துவிடும். அது சார்ஜரின் கோளாறு அன்று. உங்களைக் காப்பாற்றத்தான் மறுக்கிறது. அதை ஏமாற்றி இயக்கித் தருவதாகச் சொல்லும் எலக்ட்ரீசியனைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு வேலை இன்னும் அதிகம். மீட்டர் அறையிலிருந்து உங்கள் வாகன நிறுத்துமிடம் வரை கேபிள் எந்த வழியாகப் போகும், தனி மீட்டரா, சங்கத்தின் ஒப்புதல் எழுத்தில் இருக்கிறதா? ஒன்றரைக் கோடிக்கு மேல் செலவழிப்பவர் முன்பணம் கட்டும் முன்பே இந்தக் கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். விற்பனையாளர் வீட்டுக்கு வந்து பார்த்து எழுத்தில் அறிக்கை தரவேண்டும் என்று கேளுங்கள். கார் வாங்குபவராக உங்களுக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு.

அடுத்தது வேகச் சார்ஜிங். பழைய டைக்கான் 270 கிலோவாட் வரை ஏற்கும், 5 விழுக்காட்டிலிருந்து 80 வரை 22.5 நிமிடம் என்பார்கள். இந்தக் கார் 800 வோல்ட் அமைப்பில் இயங்குவதால்தான் அது இயலுகிறது. எனவே அதற்கு ஈடான மின்னழுத்தமும் திறனும் உள்ள சார்ஜர் எதிரே இருக்க வேண்டும். 400 வோல்ட் நிலையத்தில் மாட்டினால் தொடக்க கால டைக்கான்கள் பலவற்றில் 50 கிலோவாட்டுக்கு மேல் ஏறாது. 150 கிலோவாட் வசதியைக் கூடுதல் பணம் கொடுத்து வாங்கியிருந்தால்தான் அதைத் தாண்டும். பழைய கார் வாங்குபவர்கள் கேட்க மறக்கும் கேள்வி இதுதான்: அந்த வசதி இந்தக் காரில் இருக்கிறதா? தோல் இருக்கையைவிட, ஒலி அமைப்பைவிட நெடும்பயணத்தில் பயன்படப்போவது அது. நம் நெடுஞ்சாலை நிலையங்கள் பலவற்றின் திறன் 30 அல்லது 60 கிலோவாட்தான் என்பதையும் மனத்தில் வையுங்கள். அங்கே எவ்வளவு விலையுயர்ந்த காரும் வரிசையில் நிற்கும் மற்றக் கார்களின் வேகத்தில்தான் சார்ஜ் ஆகும். சார்ஜிங் நிலையத்தைக் காரின் வழிகாட்டித் திரையிலேயே இலக்காகக் கொடுத்து ஓட்டுங்கள். போய்ச் சேர்வதற்குள் பேட்டரியை ஏற்ற வெப்பநிலைக்குக் கொண்டுவர அப்போதுதான் காருக்குத் தெரியும். கைப்பேசியில் வழி பார்த்துப் போனால் அந்தத் தயாரிப்பு நடக்காது.

ஓடும் தூரத்தைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. முதல் டர்போ எஸ்ஸுக்கு ஐரோப்பிய டபிள்யூஎல்டிபி சோதனை 412 கிலோமீட்டர் வரை கொடுத்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 192 மைல், அதாவது சுமார் 309 கிலோமீட்டர் என்றது. இரண்டும் ஒரே கார், ஒரே பேட்டரி. சென்னையிலிருந்து மதுரைக்குப் போவதாக இருந்தால் குறைந்த எண்ணை வைத்துத் திட்டமிடுங்கள்.

பழைய கார் வாங்குவது பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது ஆசையைத் தூண்டுவது அதுதான். டைக்கானின் விலை சில ஆண்டுகளில் பெருமளவு இறங்கிவிடுகிறது. ஒரு காரணம், 2024-இல் வந்த புதிய வடிவம். அதன் பெரிய பேட்டரியில் 97 யூனிட் பயன்படுத்தலாம், 320 கிலோவாட் வரை ஏற்கும், 10-லிருந்து 80 விழுக்காட்டுக்குப் போக 18 நிமிடம் போதும். புதியதற்கு எழுதப்பட்ட மதிப்புரையைப் படித்துவிட்டு 2022-ஆம் ஆண்டுக் காரை வாங்குவது வீண் ஏமாற்றத்தில்தான் முடியும்.

பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் உண்டு. அதன் நிபந்தனையையும் படியுங்கள்: கொள்ளளவு 70 விழுக்காட்டுக்குக் கீழே போனால்தான் அது கைகொடுக்கும். 75 விழுக்காட்டில் நிற்கும் பேட்டரி உங்கள் பொறுப்பு. ஆகவே பேட்டரியின் உடல்நிலை அறிக்கையை அதிகாரப்பூர்வ சேவை மையத்திலிருந்து எழுத்தில் வாங்காமல் பணம் கொடுக்க வேண்டாம். ஓடிய கிலோமீட்டர் குறைவு என்பதில் மயங்கவும் வேண்டாம். முழு சார்ஜில் மாதக்கணக்கில் வெயிலில் நின்ற கார், ஒழுங்காக ஓட்டப்பட்ட காரைவிட மோசமாக இருக்கலாம்.

சேசிஸ் எண்ணைக் கொடுத்து, திருத்தத்துக்காக நிறுவனம் திரும்ப அழைத்த பணிகள் எல்லாம் முடிந்தனவா என்று கேளுங்கள். திடீரென்று ஓட்டத் திறன் இழக்கும் சிக்கலுக்காக 2021-இல் உலகம் முழுவதும் சுமார் 43,000 கார்களுக்கு மென்பொருள் மாற்றப்பட்டது. 2024-இல் முன்சக்கர பிரேக் குழாயில் விரிசல் விழலாம் என்று சுமார் 1,50,000 டைக்கான்கள் அழைக்கப்பட்டன. பேட்டரிக்குள் மின்கசிவு ஏற்படும் வாய்ப்புள்ள கார்களின் உரிமையாளர்களிடம், பழுது நீக்கும் வரை 80 விழுக்காட்டுக்கு மேல் சார்ஜ் செய்ய வேண்டாம் என்று சொல்லப்பட்டது. இவற்றுக்காகக் காரை ஒதுக்கத் தேவையில்லை. வேலை முடிந்ததற்கான சான்று இல்லாத காரைக் கண்டிப்பாக ஒதுக்க வேண்டும்.

பராமரிப்புச் செலவே இல்லை என்ற நம்பிக்கையும் தவறு. எஞ்சின் ஆயில் இல்லை என்பது உண்மை. ஆனால் 2,300 கிலோ எடை, உடனடியாகப் பாயும் முறுக்குவிசை இரண்டும் சேர்ந்து டயரைத்தான் தின்னும். டர்போ எஸ்ஸின் பின் டயர் 305/30 ஆர் 21. ஊரில் எந்தக் கடையிலும் எடுத்துவைத்திருக்க மாட்டார்கள். பக்கச்சுவரில் என்எஃப்0 போன்ற போர்ஷே குறியீடு உள்ள டயரையே வாங்குங்கள். மாற்று டயரும் காரில் கிடையாது. பிரேக்கில் எதிர்த் திசைச் சிக்கல்: அன்றாட ஓட்டத்தில் மோட்டாரே பெரும்பாலும் வேகத்தைக் குறைத்துவிடுவதால், கடற்கரை ஊர்களில் வார்ப்பிரும்பு டிஸ்குகள் துருப்பிடிக்கின்றன. வாரத்துக்கு ஓரிரு முறை ஆளில்லாத சாலையில் அழுத்தமாக பிரேக் பிடியுங்கள்.

நம் வேகத்தடைகளுக்கு இந்தக் கார் மிகத் தாழ்வு. தரைக்கு நெருக்கமாக இருப்பது பேட்டரி என்பதால் அடித்தட்டு உரசுவதைச் சிறு கீறலாக எண்ண முடியாது. காற்றழுத்தத்தால் காரின் உயரத்தை மாற்றும் ஏர் சஸ்பென்ஷன் உள்ள காரையே தேர்ந்தெடுங்கள்; வழக்கமான மேடுகளை நினைவில் வைத்துத் தானே உயரும் ஸ்மார்ட்லிஃப்ட் இருந்தால் இன்னும் நல்லது.

காப்பீட்டில் பெட்ரோல் காருக்கான எஞ்சின் பாதுகாப்புக் கூடுதல் திட்டத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். பேட்டரியும் மோட்டாரும் வெள்ளச் சேதத்தில் அடங்குமா என்று பாலிசி வாசகத்திலேயே பாருங்கள். சென்னையில் 2015-லும் 2023-லும் டிசம்பர் மழையில் வாகன நிறுத்துமிடங்கள் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு இது கற்பனையான அச்சம் அன்று. தண்ணீரில் நின்ற காரைச் சார்ஜரில் மாட்டவோ இயக்கிப் பார்க்கவோ கூடாது. 2022-இல் இயன் புயலுக்குப் பிறகு புளோரிடாவில், உப்புநீர் புகுந்த மின்கார்கள் சில நாள் கழித்தும் தீப்பிடித்தன. அப்படிப்பட்ட காரை வீட்டுச் சுவரிலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் தள்ளித் திறந்த வெளியில் நிறுத்த வேண்டும்.

வழியில் நின்றுபோனால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். நான்கு சக்கரமும் தரையில் படாமல் ஏற்றிச் செல்லும் வண்டிக்காகக் காத்திருங்கள். பஞ்சர் கடையில் ஜாக்கியை எங்கே வைக்க வேண்டும் என்று நீங்களே குனிந்து காட்டுங்கள். பக்கவாட்டில் அதற்கென்று நான்கு இடங்கள் இருக்கின்றன. அவற்றை விட்டு நடுவில் வைத்தால் அழுத்தம் முழுவதும் பேட்டரிப் பெட்டியின் மீது விழும்.