ஆப்பிரிக்க குழந்தைக்கு ஸ்பான்சர் பண்றீங்களா? பலரும் சறுக்குற இடங்கள்

உகாண்டா, கென்யா பக்கம் ஒரு கிராமத்துப் பிள்ளையை படிக்க வைக்க மாசாமாசம் பணம் கட்டுறவங்க நம்ம ஆளுங்கள்லயும் இருக்காங்க, குறிப்பா வெளிநாட்டுல செட்டில் ஆனவங்க. கிறிஸ்தவங்க கம்பேஷன், வேர்ல்ட் விஷன் வழியா கட்டுவாங்க, முஸ்லிம் நண்பர்கள் இஸ்லாமிக் ரிலீஃப் மாதிரி அமைப்புல யதீம், அதாவது அப்பாவை இழந்த பிள்ளைக்கு கட்டுவாங்க. போட்டோவைப் பாத்து மனசு இளகி சேந்துடுறோம், ஆனா அந்த ஊர் ஸ்கூல் எப்படி நடக்குது, ஃபீஸ் எப்போ வரும்னு கேக்கறதே இல்ல. தப்பு முக்கால்வாசி அங்கதான் ஆரம்பிக்குது. எல்லா நாட்டையும் போட்டுக் குழப்பாம உகாண்டாவை மட்டும் வச்சு சொல்றேன்.

"அங்கதான் கவர்மென்ட் ஸ்கூல் ஃப்ரீயாமே, அப்புறம் எதுக்கு பணம்"னு ஒரு கோஷ்டி. 1997-லயே உகாண்டாவுல தொடக்கக் கல்வி இலவசம்னு கொண்டு வந்துட்டாங்க, உண்மைதான். ஆனா இலவசம்னா ஃபீஸ் மட்டும்தான், யூனிஃபார்ம், நோட்டு, பரீட்சைக் காசுன்னு மிச்சமெல்லாம் வீட்டுத் தலையில. அதுல பெருசு மத்தியான சாப்பாடு. சத்துணவு பாத்து வளந்த நமக்கு இது சட்டுன்னு உறைக்காது, அங்க 2008 கல்விச் சட்டப்படியே பிள்ளைக்கு சாப்பாடு பெத்தவங்க பொறுப்பு. காசோ சோளமோ குடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு கப் சோளக்கஞ்சி இல்லன்னா போஷோவும் பீன்ஸும், போஷோன்னா சோளமாவுக் களி. குடுக்காத வீட்டுப் பிள்ளை சாயங்காலம் வரைக்கும் வெறும் வயிறு. அதனால அமைப்புக்காரங்ககிட்ட "ஃபீஸ் கட்டுறீங்களா"ன்னு கேக்கறதோட நிறுத்தாதீங்க, மத்தியானம் அந்தப் பிள்ளை என்ன சாப்பிடுதுன்னு கேளுங்க. பதில் தடுமாறுச்சுன்னா யோசிக்கணும்.

இதைவிட பெரிய ஓட்டை ஏழாம் கிளாஸ் முடிஞ்சதும் வருது. அங்க தொடக்கப்பள்ளி ஏழு வருஷம், பி7 கடைசியில நவம்பர்ல பிஎல்இ-ன்னு பொதுத்தேர்வு, நாலே பாடம், நாலு பாட கிரேடையும் கூட்டி மொத்தம் 4 வாங்கினா உச்சம், 36 வாங்கினா கடைசி (இந்த நம்பர் குறைய குறைய நல்லதுன்னு புரியாம ‘என்னங்க பிள்ளை வெறும் 8 தான் வாங்கியிருக்கு’ன்னு வருத்தப்படாதீங்க, அது சூப்பர் ரிசல்ட்). ரிசல்ட் பொதுவா ஜனவரி வாக்குல வரும், அடுத்து சீக்கிரமே எஸ்1, அதாவது செகண்டரி முதல் வருஷம் சேரணும், அந்த சின்ன இடைவெளியிலதான் கிராமத்துக் குடும்பம் உடைஞ்சு போகுது. செகண்டரிக்கும் 2007-ல இலவசத் திட்டம் வந்துச்சு, ஆனா எல்லா ஸ்கூலும் அதுல இல்ல, இருக்கற ஸ்கூலும் நடந்து போற தூரத்துல இருக்கணுமே, அதனால நிறைய பிள்ளைங்களுக்கு போர்டிங்தான் வழி. போர்டிங் ஸ்கூல் அட்மிஷன் லெட்டரோட ஒரு லிஸ்ட் குடுப்பாங்க பாருங்க: மெத்தை, தகரப் பெட்டி, போர்வை, கொசுவலை, தண்ணி பிடிக்க ஜெர்ரிகேன், துடைப்பம், மண்வெட்டி இல்லன்னா புல்லு வெட்டுற ஸ்லாஷர், டாய்லெட் பேப்பர், ஃபோட்டோகாப்பி பேப்பர் கட்டு. ஆமா ஸ்கூலுக்கு வேண்டிய பேப்பரும் துடைப்பமும் பிள்ளைதான் தூக்கிட்டு வரணும். தோட்டத்துல வாழையும் மரவள்ளியும் போட்டு சாப்பிடுற குடும்பம் ரொக்கமா இதையெல்லாம் ஒரே வாரத்துல எங்க போய் வாங்கும்? நான் யாரு கேட்டாலும் முதல்ல சொல்றது இதுதான், பி7-க்கு அப்புறம் என்ன ஏற்பாடுன்னு எழுத்துல சொல்லாத திட்டத்துல சேராதீங்க.

ஃபீஸ் வாங்குற ஸ்கூல்ல அதை ஒரு டேர்முக்கு ஒரு தடவை கட்டணும், வருஷத்துக்கு மூணு டேர்ம், பள்ளி வருஷம் பிப்ரவரி வாக்குல ஆரம்பம். நம்ம ஜூன் கணக்கு அங்க செல்லாது. தீபாவளி போனஸ் வரட்டும் மொத்தமா போட்டுக்கலாம்னு இழுத்தீங்கன்னா அங்க ஃபீஸ் பாக்கி உள்ள பிள்ளைங்க பேரை வாசிச்சு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, ஒரு வாரம் ரெண்டு வாரம் பாடம் போச்சு. பெரிய அமைப்புன்னா அவங்களே சமாளிச்சுடுவாங்க, சின்ன சர்ச் குழு நடத்துற திட்டத்துல உங்க லேட்டு நேரா பிள்ளை தலையிலதான் விடியும்.

நடுவுல நிறுத்துறது. வேலை போச்சுன்னா யாரும் குறை சொல்லப் போறதில்ல, ஆனா "பையன் ஃபெயில் ஆயிட்டான், லெட்டர்ல தேங்க்ஸ் சொல்லல"ன்னு நிறுத்துறவங்களை பாத்தா எனக்கு கோவம்தான் வருது. உகாண்டாவுல கொரோனாவுக்கு ஸ்கூல் மூடினது 2020 மார்ச், முழுசா திறந்தது 2022 ஜனவரி, ஏறக்குறைய ரெண்டு வருஷம், உலகத்துலயே நீளமான மூடல்களில் ஒண்ணு. அதுல திரும்பி வராத பிள்ளைங்க எத்தனையோ, கர்ப்பமான பொண்ணுங்க எத்தனையோ. பதினேழு வயசுப் பையன் இன்னும் ஒன்பதாவதுலயேன்னு கேக்கறதுக்கு முன்னாடி இதை நெனைச்சுக்கோங்க. அமைப்பே கிளம்பிடுறதும் உண்டு, 1952-ல கொரியப் போர் அநாதைகளுக்காக ஆரம்பிச்ச கம்பேஷன் நம்ம நாட்டுலயே 2017-ல வெளிநாட்டுப் பணத்துக்கு அனுமதி கிடைக்காம மூடிட்டுப் போச்சு, சுமார் 1.45 லட்சம் பிள்ளைங்களுக்கு ஸ்பான்சர் தொடர்பு அறுந்துச்சு. திட்டம் நின்னா பிள்ளை கதி என்னன்னு கேக்கறது அபசகுனம் இல்ல.

லெட்டர் விஷயம். கிராமத்து ஸ்கூல்ல மூணாவது வரைக்கும் பாடம் அந்த ஊர் பாஷையில, நாலாவதுலதான் இங்கிலீஷுக்கு மாறுறாங்க, அதனால உங்களுக்கு வர்ற லெட்டரை பெரும்பாலும் ஒரு ஊழியர் மொழிபெயர்த்து எழுதியிருப்பாரு, எல்லா லெட்டரும் ஒரே மாதிரி இருக்கேன்னு சந்தேகப்பட வேண்டாம். அதுக்காக கண்ண மூடிட்டு நம்பவும் வேண்டாம், சிகாகோ ட்ரிப்யூன்ங்கற அமெரிக்கப் பத்திரிகை நிருபர்கள் தாங்களே ஸ்பான்சரா சேந்து பிள்ளைங்களை நேர்ல தேடிப் போய் 1998-ல எழுதினாங்க, மாலி நாட்டுல ஒரு பிள்ளை இறந்தே போயிருந்தது, ஸ்பான்சருக்கு தகவலே இல்ல. வருஷத்துக்கு ஒரு புது போட்டோ, எந்த கிளாஸ், எத்தனை நாள் ஸ்கூல் போச்சு, இது மூணும் வரணும். நீங்க எழுதும்போது "உங்கப்பா எப்படி செத்தாரு"ன்னு ஆரம்பிக்காதீங்க, கார் வீடு போட்டோ அனுப்பாதீங்க, "ஒருநாள் வந்து உன்னை கூட்டிட்டுப் போறேன்"னு எழுதவே எழுதாதீங்க, அது நம்பிக்கிட்டு உக்காந்திருக்கும். மழை பெஞ்சுதா, ஆடு குட்டி போட்டுச்சா, ஃபுட்பால்ல எந்த இடத்துல ஆடுறன்னு கேளுங்க, போதும்.

பிள்ளை போட்டோவை ஊர் பேரோட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போடுறதும் அமைப்பைத் தாண்டி ஃபேஸ்புக்ல தேடிப் பிடிச்சு பேசறதும் வேண்டவே வேண்டாம். இங்கிருந்து பொம்மை, துணி பார்சல் அனுப்புறதும் வீண், போஸ்டேஜுக்கும் கஸ்டம்ஸுக்கும் ஆகுற காசுல அந்த ஊர் டெய்லர்கிட்டயே யூனிஃபார்ம் தைச்சுடலாம். பொண்ணுன்னா சானிட்டரி பேட் செலவு திட்டத்துல உண்டான்னு கேளுங்க, 2016 தேர்தல்ல அதிபர் முசெவெனி இலவசமா தரேன்னாரு, அடுத்த வருஷமே காசு இல்லன்னுட்டாங்க.

பணம் "என் பிள்ளை" கைக்கே போகணும்னு அடம் பிடிக்கிறவங்க உண்டு. வேர்ல்ட் விஷன்ல உங்க பணத்தை மத்த ஸ்பான்சர் பணத்தோட சேத்து ஊருக்கே தண்ணி, ஸ்கூல், சுகாதாரம்னு செலவு பண்றாங்க, படிச்சுப் பாக்காம சேந்துட்டு ஏமாத்திட்டாங்கன்னு கத்துறதுல அர்த்தமில்ல. ஒரே வீட்டுல ஒருத்தனுக்கு புது ஷூ, தம்பிக்கு ஒண்ணுமில்லங்கறதுக்கு இது எவ்வளவோ மேல்னு எனக்குப் படுது. அதே சமயம் பிள்ளையை தனித்தனியா எடுத்து செய்யற முறையும் வீண் இல்ல, கம்பேஷன் திட்டத்தை உகாண்டா, கென்யா, இந்தியா உட்பட ஆறு நாட்டுல ஆராய்ஞ்சு 2013-ல வந்த கட்டுரைப்படி ஸ்பான்சர் கிடைச்ச பிள்ளைங்க சராசரியா ஒண்ணுலேர்ந்து ஒன்றரை வருஷம் கூடுதலா படிச்சிருக்காங்க.

மதம் பத்தி கேக்க கூச்சப்படாதீங்க. உகாண்டாவுல பழைய நல்ல ஸ்கூல் பலதும் மிஷன்காரங்க கட்டினதுதான், நமிலியாங்கோ 1902, கயாசா 1905, புடோ 1906, அதனால சாமி கும்பிடுற அமைப்பு ஸ்கூல் நடத்துறது அங்க யாருக்கும் அதிசயம் இல்ல. வேற மதத்துப் பிள்ளையை சேப்பாங்களா, ஜெபத்துக்கு வரலன்னா ஃபீஸ் நிக்குமா, இது ரெண்டுக்கும் நேர் பதில் வாங்குங்க. அநாதை ஆசிரமம்னு சொன்னா இன்னும் உஷார், அங்க இருக்கற பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோட இருக்காங்க, வீட்டுல வச்சே படிக்க வைக்கிற திட்டத்துக்கு குடுங்க.

இந்தியாவுலேர்ந்து வெளிநாட்டு அமைப்புக்கு நேரா அனுப்பினா 80ஜி வரிச்சலுகை கிடையாது, அதை எதிர்பாத்து கணக்கு போடாதீங்க.

கடைசியா மெசஞ்சர்ல வர்ற ஆளுங்க. "ப்ரைஸ் த லார்ட், நான் உகாண்டா பாஸ்டர், 40 அநாதைப் பிள்ளைங்க பட்டினி"ன்னு கிழிஞ்ச சட்டை போட்டோவோட வரும், நம்ம சர்ச் ஆளுங்க பாதிப் பேருக்காவது வந்திருக்கும். எல்லாரும் பொய்னு சொல்லல. அங்க என்ஜிஓவா பதிவும் செயல்பட பெர்மிட்டும் இருக்கணும், அதைக் கேளுங்க. அப்புறம் ஸ்கூல் பேர்ல இருக்கற பேங்க் அக்கவுன்ட் கேளுங்க, நிறைய ஸ்கூல்ல பிள்ளைக்குப் பிள்ளை தனி பேமென்ட் கோடே உண்டு. "அதெல்லாம் டிலே ஆகும் பிரதர், என் மொபைல் மணி நம்பருக்கே போட்டுடுங்க"ன்னு பதில் வந்தா ப்ளாக் பண்ணிடுங்க.